வெளியுறவு மந்திரிக்கு ஒரு அர்ச்சனை

எங்கள் வார்டு கவுன்சிலர் எதிரே வந்தால் எனக்கு அடையாளம் தெரியாது. ஆனால் ஆப்பிரிக்காவில் ஒரு தீவு நாட்டுக்கு வெளியுறவு மந்திரியாக இருந்தவரை எந்தக் கூட்டத்தில் நிறுத்தினாலும் கண்டுபிடித்துவிடுவேன். இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம் உண்டு. பிடிக்காத கேள்வி வந்தால் முதலில் தண்ணீர் குடிப்பார். சிரித்தால் மேல் உதடு மட்டும்தான் சிரிக்கும். மட்டாஞ்சேரியில் கிராம்பு பொறுக்கிப் பிழைக்கும் ஒருத்திக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், என் வீட்டுக்காரர் அந்த நாட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் விஷயம்.

நாட்டின் பெயரை எழுத மாட்டேன். வீட்டிலும் நாங்கள் அதைச் சொன்னதில்லை. 'அங்கே' என்போம். அங்கே இப்போது மணி என்ன, அங்கே மழையாமே, அங்கே இன்று லீவாம். பெயரை வாயால் சொன்னால் அது இன்னும் தூரமாகப் போய்விடும் என்று எனக்கு ஒரு பயம்.

அவருக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. எண்ணெய் போடுவது, துடைப்பது, சூட்டைப் பார்ப்பது. குடிதண்ணீர் எடுக்க ஒதுங்கிய கப்பலை, அனுமதியில்லாமல் எல்லைக்குள் வந்துவிட்டது என்று பிடித்து, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட வைத்துவிட்டார்கள். கப்பல் முதலாளி கொஞ்ச நாள் 'இதோ, இதோ' என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். அவர் நாசமாய்ப் போகட்டும். ஆட்கள் கப்பலிலேயே கிடக்க வேண்டும், கரையில் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு.

வெல்லிங்டன் தீவில் மாலுமிகள் சங்கத்து ஆபீஸுக்கு நடையாய் நடந்தேன். அங்கே ஒரு சேட்டன் நல்ல மனுஷர், சாயா வாங்கிக் கொடுத்துப் பேசுவார். அந்த நாட்டில் கப்பல் மேல் போட்டிருந்த கோர்ட்டு வழக்கு ஒரு வழியாக முடிந்த அன்று அவர்தான் கூப்பிட்டுச் சொன்னார்.

"சேச்சி, இனி பேடிக்கண்டா. அவிடத்தெ வெளியுறவு மந்திரி ஒரு ஒப்பு இட்டா மதி. ஆளு வீட்டுக்கு வந்திடும்."

பயப்பட வேண்டாம், ஒரு ஒப்பு போதும் என்கிறார்; ஒப்பு என்றால் கையெழுத்து. ஒரே ஒரு கையெழுத்து. நான் பஸ்ஸில் திரும்பும்போது தோப்பும்படி பாலத்தின் மேல் வைத்து அழுதேன், சந்தோஷத்தில். ஒரு மனுஷன் பேனாவை எடுத்து ஒரு கோடு இழுக்க எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு அப்போது மந்திரிமார்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

என் கெட்ட நேரம், நான் வேலை பார்க்கும் கிடங்குக்குக் கிராம்பு வருவதே அங்கிருந்துதான். சாக்கின் மேல் அந்த நாட்டின் பெயரைக் கறுப்பு மையில் அடித்திருப்பார்கள். அதைப் பிரித்துக் கொட்டி, காம்பு வேறு, பூ வேறு, பூச்சி வேறு என்று பொறுக்க வேண்டும். சாக்கு வருகிறது, ஆள் வரவில்லை. யாரும் இல்லாத நேரத்தில் ஒரு சாக்கில் முகத்தை வைத்துப் பார்த்திருக்கிறேன். கிராம்பு வாசனைதான் வந்தது. வேறென்ன வரும்?

தேவரா காலேஜில் படிக்கும் மகள்தான் அந்த வீடியோவைக் கண்டுபிடித்தாள். வெளியுறவு மந்திரி புதன்கிழமைதோறும் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசுவாராம், அதை அவர்கள் ஆபீஸே வலையில் போட்டுவிடுமாம். பேச்சு முழுக்கப் பிரெஞ்சு. கீழே மலையாளத்தில் எழுத்து ஓடும்படி மகள் என்னவோ செய்தாள். அது பாதி நேரம் உளறும். ஒரு தடவை மந்திரி 'அண்டை நாட்டுடன் எங்கள் தேங்காய் மிகவும் துக்கமாக உள்ளது' என்றார். என்ன சொல்லவந்தாரோ, பாவம்.

நாங்கள் மூன்று பெண்கள், அடுப்பங்கரையில் அரிசி டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பார்ப்போம். மூன்றாவது ஆள் என் வீட்டுக்காரரின் அக்கா. மதினி என்று கூப்பிடுவேன். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. புருஷன் போனபிறகு எங்களோடுதான் இருக்கிறாள். தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். வாயைத் திறந்தால் ஊரே கேட்கும்.

மந்திரி உள்ளே வருவார். மேஜையில் கொடி, தண்ணீர் கிளாஸ், மைக். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பெரிய ஜன்னல், அதில் மஞ்சளாகிப்போன ஒரு திரைச்சீலை. உட்காருவதற்கு முன்னால் ஒவ்வொரு வாரமும் தன் கையாலேயே அந்தத் திரையை ஓரமாக ஒதுக்குவார். வெளிச்சம் வேண்டுமோ காற்று வேண்டுமோ, யாருக்குத் தெரியும். அதற்கென்று ஆள் இருப்பார்கள். ஆனாலும் அவரே செய்வார். பிறகுதான் பேச்சு.

"மந்திரி ஆபீஸாம். ஒரு திரைச்சீலையைத் துவைக்க ஆளில்லை பாரு. நம்ம கார்ப்பரேஷன்ல நான் இதுக்கு ஒருத்தனை நிறுத்தி வச்சுத் திட்டியிருப்பேன்" என்பாள் மதினி.

"நீ திரையைப் பாக்காதே மதினி. அவரு வாயைப் பாரு. கப்பல்னு ஒரு வார்த்தை வருதான்னு பாரு."

வராது. மீன்பிடி ஒப்பந்தம் வரும், புயல் வரும், பக்கத்துத் தீவோடு தகராறு வரும். கப்பல் வராது. வீடியோ முடிந்ததும் மூன்று பேரும் சோறு சாப்பிடுவோம். எனக்கு அந்த மனுஷர் மேல் கோபம் கோபமாக வரும். அடுத்த புதன்கிழமை வரை நாட்களை எப்படித் தள்ளுவது என்றும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை, காவலுக்கு வரும் ஆள் மனசு வைத்தால், என் வீட்டுக்காரர் கையில் போன் கிடைக்கும். கொஞ்ச நேரம்தான். நான் அந்த வாரம் சேர்த்து வைத்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்வேன்.

"உங்க வெளியுறவு மந்திரி இந்த வாரம் நல்லாச் சிரிச்சாரு. நம்ம ஊரு தூதரைப் பாத்தாராம். பிரதம மந்திரிக்கும் அவருக்கும் ஆகாதாம், ஆனா ஜனாதிபதிக்கு இவரைத்தான் பிடிக்குமாம்."

"எந்த மந்திரி?"

"என்ன எந்த மந்திரி? நீங்கதானே அங்கே இருக்கீங்க?"

"நான் எங்கே இருக்கேன், தண்ணியிலல்ல இருக்கேன். மந்திரியை விடு புள்ள. இன்னைக்கு வீட்டுல என்ன கறி?"

"அயிலை."

"மாங்காய் போட்டியா, குடம்புளியா?"

"குடம்புளி."

அந்தப் பக்கம் எச்சில் விழுங்குவது கேட்கும். என் வாயில் வருவதோ திட்டுத்தான். இங்கே நான் ஒரு நாட்டு மந்திரிசபையையே மனப்பாடம் பண்ணிக்கொண்டிருக்கிறேன், இவர் குழம்பில் புளி என்ன என்று கேட்கிறார். ஒரு தடவை சொன்னார்: "கரை இங்கேயிருந்து நல்லாத் தெரியுது புள்ள. குன்று மேல வெள்ளையா ஒரு கட்டிடம். கொடி பறக்குது. வேற வேலை என்ன, அதைத்தான் பாத்துட்டிருப்பேன்." கட்டிடத்தைப் பார்த்தால் வயிறு நிறையுமா, வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள் என்றேன் நான். அதற்குள் போனை வாங்கிவிட்டார்கள்.

அர்ச்சனை யோசனை மதினியுடையது. மட்டாஞ்சேரியில் எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கும்பிடுகிற அம்மன் கோயில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் பெயரில் வெள்ளிதோறும் குங்கும அர்ச்சனை செய்துகொண்டுதான் இருந்தோம்.

"எடீ, நம்ம ஆளுக்குச் செஞ்சு என்ன பிரயோஜனம்?" என்றாள் மதினி ஒருநாள். "அவன் என்ன கையெழுத்துப் போடப்போறானா? போட வேண்டியவன் அந்த மந்திரி. அவன் மனசு குளிரணும். அவன் பேருக்குச் செய்யி."

சிரிக்காதீர்கள். அன்று எங்களுக்கு அது மிகச் சரியான யோசனையாகத்தான் பட்டது. ஒரே ஒரு சிக்கல், நட்சத்திரம் தெரிய வேண்டும். இங்கே அதை 'நாள்' என்பார்கள். மந்திரி பிறந்த தேதி அவர்கள் ஆபீஸ் பக்கத்திலேயே இருந்தது. மகள் போனில் பஞ்சாங்கம் பார்த்தாள். அன்றைக்கு மத்தியானம் வரை சித்திரை, அதன்பிறகு சுவாதி. பிறந்த நேரத்துக்கு எங்கே போக?

"காலையில பொறந்தவன்டீ அவன். மூஞ்சியைப் பாத்தாத் தெரியலையா? சித்திரைதான்" என்று மதினி முடித்துவிட்டாள்.

கோயிலில் சீட்டு எழுதும் அண்ணன் எங்களுக்குத் தெரிந்தவர்தான். பெயரைக் கேட்டதும் பேனாவை வைத்துவிட்டார்.

"இது ஆரு?"

"எழுதுங்க அண்ணா. வெளிநாட்டுல ஒரு ஆளு."

"நம்ம ஆளு மாதிரி தெரியலையே. உள்ளே இந்தப் பேரைச் சொல்லலாமா?"

"நான் ஆளையா கூட்டிட்டு வந்தேன்? பேரைத்தானே? அம்மனுக்கு எல்லாப் பேரும் தெரியும். உங்களுக்கு எழுத வரலைன்னா சொல்லுங்க, நான் எழுதறேன்."

எழுதினார். பூசை செய்யும் சாந்திக்காரர் நடையில் நின்று அந்த நீளமான பெயரை மூன்றாக உடைத்து வாசித்தார். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மதினி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சத்தமாகவே வேண்டினாள். "தாயே, அந்தப் பிள்ளைக்கு மேல மேல பதவியைக் குடு. சந்தோஷமா வை. சந்தோஷமா இருக்கிறவன்தான் நாலு பேருக்கு நல்லது செய்வான்." வாரா வாரம் இதே வேண்டுதல். நானும் கூடவே கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன்.

அம்மன் காது கொடுத்துக் கேட்டுவிட்டாள். மழை தொடங்கிய ஒரு புதன்கிழமை, வீடியோவில் மாலை, கைகுலுக்கல், கைதட்டல். எங்கள் மந்திரியைப் பிரதம மந்திரி ஆக்கிவிட்டார்கள். மதினி அடுப்பங்கரையிலேயே குதித்தாள். பாயசம் வைத்துச் சந்து முழுக்கக் கொடுத்தாள். 'எந்தா விசேஷம்?' என்று கேட்டவர்களிடம், 'நமக்கு வேண்டிய ஒரு ஆளு பிரதமர் ஆயிட்டாரு' என்றாள். சுள்ளிக்கல்லில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குக்கூட ஒரு தூக்குப் பாத்திரம் போனது. நானும் ரெண்டு தம்ளர் குடித்தேன். இனி அவர் வைத்ததுதான் சட்டம் என்று நினைத்தோம்.

மறுநாள் சங்கத்துச் சேட்டன் போனில் பெருமூச்சு விட்டார். பிரதம மந்திரி இதிலெல்லாம் கையெழுத்துப் போட மாட்டாராம். அது வெளியுறவு மந்திரியின் வேலையாம். அந்த நாற்காலி இப்போது காலியாம். யார் வந்து உட்காருகிறாரோ அவருக்கு எல்லாத் தாளையும் முதலிலிருந்து அனுப்ப வேண்டுமாம். "நம்ம தாளு அவரு மேசைக்கு வந்து கிடந்தது சேச்சி. ஒரு ஆழ்ச்ச கூடி இருந்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். இன்னும் ஒரு வாரம் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் போட்டிருப்பாராம்.

மதினி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். "நான்தானேடீ கேட்டேன். என் வாயாலல்லவா கேட்டேன்" என்றாள். நான் அவளைத் திட்டவில்லை. பாயசப் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், மத்தி வாங்கினோம், மிளகாய் போட்டு வறுத்தோம் என்று மட்டும் சொன்னேன்.

நாற்காலி பல மாதம் காலியாகக் கிடந்தது. பிறகு ஒரு அம்மாள் வந்தார். வெள்ளி நிறக் கண்ணாடி, நேரான முதுகு, சிரிப்பே கிடையாது. பேச்சு சுருக்கம். அவர் வந்ததும் அந்தத் திரையைச் சுத்தமாக இழுத்து மூடிவிட்டார்கள். துவைத்த புதுத் திரைதான், மதினிக்கே குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்குத்தான் என்னவோ செய்தது. புதன்கிழமை வந்தால் பார்க்கவே பிடிக்கவில்லை. பழைய மனுஷர் இருந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்ப்பேன். பார்த்தால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

"என்னடீ, என் தம்பியை விட்டுட்டு உனக்கு அந்த மச்சக்காரன் மேல கண்ணா?" என்று மதினி சீண்டினாள். ரொம்ப நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஏக்கம் பொய்யில்லை. எதையோ என்னிடமிருந்து எடுத்து மூடி வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

இந்த அம்மாளுக்குப் பிறந்த தேதி எங்கேயும் போட்டிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை சீட்டு எழுதும் அண்ணன் பேனாவோடு காத்திருந்தார்.

"பேரு சரி. நாளு?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"அவிட்டம்."

"அது உன் வீட்டுக்காரன்டெ நாளல்லே?"

"ஆமா. அந்த அம்மா பேரு, எங்க வீட்டு ஆளோட நாளு. சேத்து எழுதுங்க."

அவர் அப்படியே எழுதினார். உள்ளே அந்த அம்மாளின் பெயரையும் என் வீட்டுக்காரர் நட்சத்திரத்தையும் சாந்திக்காரர் ஒரே மூச்சில் சொன்னார். மதினி இந்தத் தடவை யாருக்கும் பதவி கேட்கவில்லை. "தாயே, அவனை வீட்டுக்கு விடச் சொல்லு" என்று மட்டும் சொன்னாள்.

கையெழுத்து விழுந்த செய்தி நான் கிராம்பு பொறுக்கிக்கொண்டிருக்கும்போது வந்தது. அம்மன்தான் செய்தாளா, சங்கத்துச் சேட்டன் விடாமல் அனுப்பிய தாள்கள் செய்தனவா, அந்த அம்மாளுக்குச் சுருக்கமாக வேலையை முடிக்கிற குணமா, எனக்குத் தெரியாது. எனக்கு எல்லோர் மேலும் நன்றி இருக்கிறது. நெடும்பாசேரி விமான நிலையத்தில் கதவு திறந்து திறந்து மூடியது. யாரோ ஒரு வயதான ஆள் வருகிறார் என்று நான் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். "ஏ புள்ள" என்றார் அந்த வயதான ஆள்.

வந்து கொஞ்ச நாள் அவருக்கு இதுதான் வேலை. தூங்குவார், சாப்பிடுவார், குழாயைத் திறந்து தண்ணீர் ஓடுவதைப் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, மதினி பாயசக் கதையை எடுத்துவிட்டாள். அவர் வந்தபிறகு முதல்தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

"யாருடீ அந்த மந்திரி? காட்டு, பாப்போம்."

நான் பழைய வீடியோ ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். மந்திரி வந்தார், திரையை ஒதுக்கினார், உட்கார்ந்தார். மச்சத்தைக் காட்ட நான் குனிந்தேன். என் வீட்டுக்காரரின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. போனை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இது எங்கே எடுத்தது?"

"அவங்க ஆபீஸ்லதான். வாராவாரம் அங்கேதான் பேசுவாரு."

"குன்று மேல இருக்கிற வெள்ளைக் கட்டிடமா?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் வெளியிலிருந்து அதைப் பார்த்ததில்லையே. அவர் ரெண்டு விரலால் படத்தை விரித்தார். மந்திரியின் காதும் மச்சமும் ஓரமாக நகர்ந்து மறைந்தன. ஜன்னல் பெரிதானது. ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறத்தில் கடல், கடலில் ரெண்டு மூன்று புள்ளிகள். நான் அவற்றை அதற்கு முன்னால் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்திருந்தேன்.

"இந்தா, மஞ்சள் புகைபோக்கி. நாங்கதான்" என்றார் அவர். விரல் அந்தப் புள்ளியின் மேலேயே நின்றது. "நான் அங்கேதான் புள்ள நின்னேன். சாயங்காலம் பின்பக்கம் கம்பியைப் பிடிச்சுட்டு, இந்த ஜன்னலைத்தான் பாத்துட்டு நின்னேன்."

மதினி போனைப் பிடுங்கிப் பார்த்தாள். "எடீ, அப்போ எல்லாப் புதன்கிழமையும் என் தம்பி நம்ம அடுப்பங்கரைக்கு வந்துட்டுத்தான் போனானா?" என்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

எங்களுக்காக ஒரு கையெழுத்துப் போட அந்த மனுஷருக்குக் கொடுத்துவைக்கவில்லை. வாராவாரம் திரையை மட்டும் ஒதுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் அவர் பெயருக்கு இன்றும் ஒரு அர்ச்சனை உண்டு, சித்திரை நட்சத்திரம். காரியம்தான் முடிந்துவிட்டதே என்று சீட்டு எழுதும் அண்ணன் கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் தோப்பும்படிக்கு மீன் வாங்கப் போவார். அவர் போனதும் நான் பழைய வீடியோவைத் திறக்கிறேன். மந்திரி வருகிறார், கையால் திரையைத் தள்ளுகிறார். மச்சத்தை நான் பார்ப்பதில்லை. மந்திரி வாயையும் பார்ப்பதில்லை. ரெண்டு விரலால் ஜன்னலை விரித்து அந்தப் புள்ளியைத் தேடுகிறேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. "புள்ள, அயிலை கிடைச்சுது, மாங்காயா புளியா?" என்று அவர் குரல் வருகிறது. ஒரு நிமிஷம் இருங்கள் என்கிறேன். எனக்கு இன்னும் கொஞ்சநேரம் அவரைப் பார்க்க வேண்டும்.